எந்தக் காதில் கேட்கிறது?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பங்குனி மாத மத்தியானம், தொப்பூர் கணவாய் இறக்கத்துக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் நடந்தது இது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் என் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் லாரிக்காரன். ஊர் பரமத்தி வேலூர் பக்கம். சொந்தமாக ஒரே ஒரு பத்து சக்கர வண்டி, நானே ஓட்டுகிறேன். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் அரைக்க, கர்நாடகாவிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வருவதுதான் பெரும்பாலும் எனக்கு வேலை. போகும்போது தேங்காயோ ஜவ்வரிசியோ, எது கிடைக்கிறதோ அது. வயசுப் பையனாக ஸ்டியரிங்கைப் பிடித்தவன், ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை. பழைய வண்டிகளில் எஞ்சின் டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கத்தும். அந்தக் கத்தலோடு காலம் தள்ளினால் காது என்ன ஆகும் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. டயர் தேயும், கிளட்ச் தேயும், அதற்கெல்லாம் கடை இருக்கிறது. காது தேயும் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின வருடம், ஒரு சாயங்காலம் டிரிப் முடித்து வந்து வண்டியை வீட்டுக்கு எதிரே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போனேன். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். குக்கரில் விசில் வருவதற்கு முன் ஆவி கசியுமே, அந்த மாதிரி.

"ஏம்புள்ள, குக்கர் வெச்சிருக்கறயா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"குக்கரக் கழுவிக் கவுத்து வெச்சு எத்தன நேரமாச்சுங்க" என்றாள்.

கேஸ் சிலிண்டரைத் திருகிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கினேன். ட்யூப் லைட்டின் சோக் என்று நினைத்து விளக்கை அணைத்தேன். கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன். வீடு இருட்டாகிவிட்டது; சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. படித்துக்கொண்டிருந்த மகள் செல்போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்து, "ஏனுங்கப்பா, எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றாள். அப்போதுதான் அது வீட்டில் இல்லை, என் காதுக்குள் இருக்கிறது என்று புரிந்தது.

காலையில் போய்விடும் என்று படுத்தேன். போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. வண்டி ஓடும்போது எஞ்சின் சத்தத்தில் அது அடங்கிக் கிடக்கும். வண்டியை அணைத்தால் போதும், எங்கேயோ காத்திருந்த மாதிரி வந்துவிடும். ஊர் உலகத்தில் எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அமைதி என்பார்கள். எனக்கு வேலை முடிந்தால்தான் இரைச்சல் ஆரம்பம்.

வீட்டுக்கு வந்துபோகிற சொந்தக்காரர்களில் வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து விட்டார்கள். எங்கள் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் அதிகம் என்பதால் வெற்றிலைச் சாறு பிழிந்து விட்டார்கள். அதில் இரைச்சலோடு காது வலியும் சேர்ந்துகொண்டது. மனைவி என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே பூஜை நேரத்தில் மின்சார மேளத்தைப் போட்டுவிட்டார்கள். காது இரைச்சலுக்கு வேண்டிக்கொள்ள அந்த இடம்தான் கிடைத்ததா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மேளம் அடித்து முடிகிற வரைக்கும் என் சத்தம் தெரியவில்லை. நின்றதும் முன்னைவிடப் பெரிதாக வந்தது.

தூக்கம் கெட்டது. தூக்கம் கெட்டதும் கோபம் வந்தது. தட்டு வைக்கிற சத்தத்துக்கு மனைவி மேல் பாய்ந்தேன். மகள் மெதுவாகப் பேசினால் ஏன் முணுமுணுக்கிறாய் என்று கத்தினேன், சத்தமாகப் பேசினால் ஏன் கத்துகிறாய் என்று கத்தினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. வெளியில் யாரிடமும் சொல்லவும் முடியாது. நாமக்கல்லில் லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ்காரர்களுக்கு டிரைவரின் கண்ணும் காதும்தான் முதல். 'அவருக்குக் காது போச்சாம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நல்ல லோடெல்லாம் வேறு வண்டிக்குப் போய்விடும். அதனால் வீட்டையும் சொந்தங்களையும் தவிர வேறு எங்கேயும் வாயைத் திறக்கவில்லை. நீண்ட டிரிப்புக்குக் கூட வருகிற மாற்று டிரைவரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் மகள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் போனாள். அங்கே முதலில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளிச்சத்தம் துளியும் வராத அறை. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்குங்கள் என்றார்கள். அப்படி ஓர் அமைதியில் நான் உட்கார்ந்ததே இல்லை. என் 'ஸ்ஸ்ஸ்' கொண்டாட்டம் போட்டது. நான் அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "ஐயா, நான் இன்னும் சத்தமே குடுக்கலீங்க" என்றாள்.

டாக்டர் பொறுமையான மனிதர். எஞ்சின் சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்ததால் மெல்லிய கூர்மையான சத்தங்களைக் கேட்கிற சக்தி குறைந்துவிட்டது, கேட்காமல் போன சத்தத்துக்குப் பதிலாக மூளை தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது என்று விளக்கினார். இதை ஒரேயடியாக நிறுத்த மாத்திரை இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார். அதற்குமுன் வைத்தியம் சொன்னவர்கள் எல்லோரும் சரியாகிவிடும் என்றே சொல்லியிருந்ததால், இவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

"அது கூட சண்டை போடாதீங்க. ரொம்ப அமைதியான இடத்துல இருக்காதீங்க, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ, லேசா ஏதாவது ஓடட்டும். அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நீங்க கவனிக்காதீங்க. நாளாக நாளாக மூளையே அத ஒதுக்கிடும்" என்றார்.

அவர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மார்கழிக் குளிரிலும் ஃபேன் ஓடியது. மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னையும் டாக்டரையும் சேர்த்துத் திட்டினாள். மகள் என் செல்போனில் மழைச் சத்தம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள், மணிக்கணக்கில் மழை மட்டும் பெய்யும். அதை முதல் நாள் போட்டபோது, பின்பக்கம் இருந்த மனைவி கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடினாள். சும்மா இருக்கிற நாட்களில் ராஜவாய்க்கால் மதகுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். ஷட்டருக்கு அடியில் தண்ணீர் பீறிட்டு விழுகிற இரைச்சலும் என் இரைச்சலும் ஏறக்குறைய ஒரே சுதி. அங்கே இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து எது எது என்று தெரியாமல் போய்விடும். பராமரிப்பு வேலைக்கென்று வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தினால் விவசாயிகள் வருத்தப்படுவார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் வருத்தப்பட்டேன். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

இதோடு நான் சொந்தமாக ஒரு பயிற்சியும் வைத்துக்கொண்டேன். என் வண்டியில் ஓசியில் ஏறிக்கொண்ட ஆள் என்று அந்தச் சத்தத்தை நினைத்துக்கொள்வேன். இறக்கிவிட முடியாது, சரி, ஓரமாக உட்கார்ந்து வா, பேச்சுக் கொடுக்காதே. அது 'ஸ்ஸ்ஸ்' என்றதும், 'தெரியும், இரு' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆள் வாயை மூடிக்கொண்டான், அல்லது நான் காதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, இன்றைக்கு முழுவதும் அது நினைவுக்கே வரவில்லையே என்று தோன்றியது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் சொந்த வண்டி வாங்கிய அன்றைக்குக்கூடப் படவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

இனி அந்த மத்தியானம்.

தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கு வந்துகொண்டிருந்தேன். மாற்று டிரைவர் தன் அக்கா வீட்டில் காதுகுத்து என்று தர்மபுரியிலேயே இறங்கிக்கொண்டார். மீதித் தூரம் நான் தனியாகத்தான். தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் வருகிற வண்டிக்கு அது நீண்ட இறக்கம். முழு லோடோடு இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்து வைத்து எடுக்க வேண்டியிருக்கும். அந்த இறக்கத்தில் பிரேக் போன வண்டிகளைப் பற்றி எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள், ஒன்றும் நல்ல கதை இல்லை.

அதனால் பழைய டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவோம். ஒவ்வொரு டயராகத் தட்டுவோம். காற்று சரியாக இருந்தால் 'டிங்' என்று கெட்டியாகச் சத்தம் வரும், குறைந்திருந்தால் 'பொத்' என்று விழும். தட்டி முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா நின்று காதைக் கொடுப்போம். லாரி பிரேக் காற்றின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. எங்காவது குழாயில் கசிவு இருந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கும். டேஷ்போர்டில் காற்றைக் காட்டுகிற மீட்டர் இருக்கிறது, காற்று குறைந்தால் கத்துவதற்கு ஒரு பஸ்ஸரும் இருக்கிறது. என் வண்டியில் மீட்டரின் முள் தட்டினால்தான் நகரும், பஸ்ஸர் எப்போதோ செத்துப்போயிருந்தது. அது ஒரு குறையாகவே எனக்குத் தெரியவில்லை, எங்களுக்குக் காதுதான் மீட்டர்.

நீங்கள் இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

டயர்களைத் தட்டினேன், எல்லாம் கெட்டியாக இருந்தது. தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு காதைக் கொடுத்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்டது. 'தெரியும், இரு' என்றேன் மனசுக்குள். தடியை எடுத்து உள்ளே போட்டேன். பாட்டிலில் இருந்த தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். இவ்வளவு நாள் பயிற்சி எவ்வளவு சுலபமாக வருகிறது பார் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் லாரியின் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சாலையை அகலப்படுத்தினதில் அந்த இடத்தில் மரம் என்று ஒன்றும் இல்லை. வெயில் காலத்தில் நிற்கிற லாரிதான் நிழல். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு கைக்குழந்தை. கொஞ்ச தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டு நின்றது. பெட்ரோல் தீர்ந்துபோய், அவள் வீட்டுக்காரர் யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு வாங்கி வரப் போயிருக்கிறாராம்.

நான் கதவைத் திறந்து ஏறப் போனதும் அவள், "ஏனுங்கண்ணா, கெளம்பறீங்களா? கொஞ்ச நேரம் நிழலுக்கு இருங்களேன், பாப்பாக்கு வெயிலு தாங்காது" என்றாள்.

எனக்கு அவசரம்தான். ஆனாலும் கைக்குழந்தையை வெயிலில் விட்டுவிட்டு நிழலை எடுத்துக்கொண்டு போக மனசு வரவில்லை. "சரி இருங்க சாமி" என்று படியிலேயே உட்கார்ந்தேன்.

குழந்தை தூங்குவதாக இல்லை. அவள் தட்டுகிறாள், ஆட்டுகிறாள், அது கண்ணை மூடுகிறது, உடனே திறந்துகொள்கிறது. தலையைத் திருப்பித் திருப்பி எங்கேயோ பார்க்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணா, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துங்களேன். அதுல பாப்பா தூங்கவே மாட்டேங்குது."

"என்ன சத்தம்?" என்றேன்.

"அதான், ஸ்ஸ்ஸுன்னு வருதுல்ல."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த நொடியில் என் மனசில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. கண்ணில் தண்ணீர் நிற்கிற அளவுக்கு சந்தோஷம். ஒரு வருடத்துக்கு மேலாக இந்த உலகத்தில் எனக்கு மட்டும் கேட்ட சத்தம். பெண்டாட்டிக்குக் கேட்காதது, பெற்ற மகளுக்குக் கேட்காதது, டாக்டரின் மிஷினுக்குக் கேட்காதது, இந்தப் பெண்ணுக்குக் கேட்கிறது. நான் தனி ஆள் இல்லை.

"உங்களுக்குக் கேக்குதுங்களா?" என்றேன்.

"ஏன், கேக்காம?"

"எந்தக் காதுல கேக்குது?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியும் உட்கார்ந்தாள். குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"ரெண்டு காதுலயுந்தான் கேக்குது. உங்க வண்டிக்கு அடியில இருந்துதான் வருது. பாருங்க, பாப்பாகூட அங்கயேதான் பாக்குது."

குழந்தை பின் சக்கரங்களுக்கு நடுவே, வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தது.

குனிந்து வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனேன். காதால் தேடிப் பிரயோசனம் இல்லை, எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே சத்தம். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு காற்றுக் குழாய்களின் மேல் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனேன். காற்று டேங்கிலிருந்து பின் சக்கர பிரேக்குக்குப் போகிற ரப்பர் ஓஸில் ஓரிடத்தில் கை சில்லிட்டது. வண்டியின் அடிச்சட்டத்தில் உரசி உரசி, அந்த இடம் பத்திரிகைக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. விரலால் லேசாகத் தொட்டேன். தொட்டதுதான் தெரியும், பட்டாசு வெடித்த மாதிரி ஓஸ் பிளந்துகொண்டது. காற்று முழுக்கப் பீறிட்டு வெளியேறியது. மண்ணும் புழுதியும் என் முகத்தில் அறைந்தன.

குழந்தை வீல் என்று அலறியது.

"அய்யோ, இப்பத்தாங்க கண்ண மூடுச்சு!" என்று அந்தப் பெண் என்னைத் திட்டினாள்.

நான் வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தேன். அங்கிருந்து பார்த்தால் முன் சக்கரங்களுக்கு நடுவே சாலை தெரிந்தது. கொஞ்ச தூரம் போய் அது கீழே இறங்கி மறைகிற இடமும் தெரிந்தது. ஒரு விரல் தொட்டதற்குப் பிளந்த ஓஸ், அந்த இறக்கத்தில் முழு லோடோடு நான் பிரேக்கை மிதிக்கும்போது என்ன ஆகியிருக்கும்? எனக்கு முன்னால் பஸ் போய்க்கொண்டிருக்கும், கார் போய்க்கொண்டிருக்கும், ஸ்கூட்டரில் குழந்தையோடு யாராவது போய்க்கொண்டிருப்பார்கள். இவர்களே போய்க்கொண்டிருந்திருக்கலாம். வெளியே ஊர்ந்து வர வெகுநேரம் ஆயிற்று.

அவள் குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். என் முகத்தில் இருந்த புழுதியைப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது போல.

"சத்தம் நின்னுருச்சு பாருங்க. இத மொதல்லயே பண்ணியிருக்கலாமில்ல?" என்றாள்.

அவளுக்குச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை. அதே சுதியில், அதே அளவில், காதுக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. இரண்டு சத்தங்கள் இருந்திருக்கின்றன. ஒன்று என்னுடையது, ஒன்று வண்டியுடையது. நான் இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்து, ஓரமாக உட்கார் என்று சொல்லிவிட்டு, இறக்கத்தில் இறங்க இருந்திருக்கிறேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதற்குள் அவள் வீட்டுக்காரர் கேனில் பெட்ரோலோடு வந்துவிட்டார். "என்னாச்சு, ஏன் பாப்பா அழுவுது?" என்று அவர் கேட்க, அவள் "இந்த அண்ணன் வண்டியில என்னமோ வெடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடி, "உங்களாலதான் இன்னைக்கு நான் பொழச்சேன் சாமி" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். புரிந்து ஆட்டவில்லை, பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று ஆட்டினாள். அவர்கள் இறக்கத்தில் இறங்கி மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன். ஊர் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை.

தர்மபுரியிலிருந்து மெக்கானிக் வந்து ஓஸை மாற்றிக் கொடுத்தார். பஸ்ஸரையும் மீட்டரையும் சரி பண்ணாமல் வண்டியைத் தொட மாட்டேன் என்றேன். இவ்வளவு நாள் இப்படியேவா ஓட்டினீர்கள் என்று அவர் கேட்டார். பொழுது சாய்கிற நேரத்தில், கீழ் கியரில், மாட்டு வண்டி வேகத்தில் கணவாயை இறங்கினேன். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் எல்லோரும் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்திருக்கலாமுங்க" என்றாள். யாருக்கு, எந்த ஊருக்கு என்று நான் கேட்டேன். "அதுந்தான் கேட்டு வெக்கலையே" என்று அதற்கும் என்னையே திட்டினாள்.

டாக்டரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். "உங்க வேலையில காத்துக் கசிவ காதாலதான் கண்டுபிடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் சொன்ன வைத்தியம் சரியான வைத்தியம். இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருகிறது என்றால் அதனால்தான். நான்தான் என் பிழைப்பே காதை நம்பித்தான் ஓடுகிறது என்பதை அவரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று மூடி மூடி வைத்ததில், தெரிய வேண்டியவருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அதனால் அடுத்த வாரம் நாமக்கல் புக்கிங் ஆபீசில், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நானே வாயைத் திறந்தேன். எனக்குக் காதில் ராத்திரி பகல் இரைச்சல் கேட்கிறது, இன்ன மாதிரி ஆயிற்று என்று சொல்லிவிட்டேன். லோடு போனால் போகட்டும் என்று மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டுதான் சொன்னேன். ஆபீஸ்காரர் ஒருவர் முகம் மாறியது உண்மை. அவர் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. ஆனால் நான் வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, என்னைவிட மூத்த டிரைவர் ஒருவர், போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஓட்டி ஓட்டி வடநாடெல்லாம் பார்த்தவர், பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கு சில்வண்டு மாதிரி கேக்குதுப்பா. ஊட்ல கூட சொன்னதில்ல" என்றார். அப்புறம் இன்னொருவர் போன் பண்ணினார், அவருக்கு விசில். எங்கள் மாற்று டிரைவர் மட்டும் தனக்கு ஒன்றும் இல்லை என்று சத்தியம் பண்ணினார். அவருக்கு இன்னும் வயசு இருக்கிறது, வெறும் பஞ்சு போதாது, காது கேட்கிற காலத்திலேயே நல்ல காது அடைப்பானாக வாங்கி வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அது இருக்கிறது. ஃபேன் சத்தத்துக்குக் கீழே, மெல்லிசாக. முன்பு மாதிரி அதன் மேல் கோபம் இல்லை, ஜெயித்துவிட்டேன் என்ற பெருமையும் இல்லை. மீட்டரைப் பார்க்கிறேன், பஸ்ஸரைச் சோதிக்கிறேன், ஈரக் கையால் ஓஸ்களைத் தடவுகிறேன். ஆனாலும் கணவாய்க்கு முன்னால் வண்டியை நிறுத்தினால் பக்கத்தில் யார் இருந்தாலும், இளநீர்க்காரரோ, பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவோ, கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன். "ஏனுங்க, எனக்குக் காது சரியில்லீங்க. என் வண்டிப் பக்கம் ஏதாச்சும் சத்தம் கேக்குதுங்களான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" இதுவரைக்கும் யாரும் சிரித்ததில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து, தலையைச் சாய்த்து, நின்று, நிஜமாகவே கேட்கிறார்கள். "ஒண்ணுமில்லீங்க, போயிட்டு வாங்க" என்று அவர்கள் சொன்ன பிறகு மிச்சம் கேட்கிற சத்தம் என்னுடையது மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு, அதையும் கூட ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்குகிறேன்.